இரண்டு கதிர்கள் உள்ள அந்தப் படம்: இறை இரக்க பக்தி எங்கிருந்து வந்தது?

கத்தோலிக்க வீடுகளில் இயேசு படம் என்றால் முன்பெல்லாம் திரு இருதய ஆண்டவர்தான். நெஞ்சில் முள் சுற்றிய இதயம் வெளியே தெரியும். படத்துக்குக் கீழே சின்னதாக ஒரு சிவப்பு பல்பு எரியும். இப்போது அதற்குப் பக்கத்தில் இன்னொரு படமும் மாட்டியிருக்கிறார்கள். வெள்ளை அங்கி அணிந்த இயேசு, வலது கையை உயர்த்தி ஆசீர் தருகிறார். இடது கை நெஞ்சருகே அங்கியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அந்த இடத்திலிருந்து இரண்டு கதிர்கள் கிளம்புகின்றன. ஒன்று சிவப்பு, மற்றது வெளிறிய வெள்ளை. அடியில், "இயேசுவே, உம்மில் நம்பிக்கை வைக்கிறேன்" என்று ஒரு வரி.

இதுதான் இறை இரக்க ஆண்டவர் படம். பிற்பகல் மூன்று மணிக்குச் சிலர் சொல்லும் இறை இரக்க ஜெபமாலை, உயிர்ப்பு ஞாயிறுக்கு அடுத்த வாரம் வரும் இறை இரக்க ஞாயிறு எல்லாம் இந்தப் படத்தோடு சேர்ந்தவை. தினமும் ஜெபமாலை சொல்கிறவர்களிடமே "இது எப்போது ஆரம்பித்தது?" என்று கேட்டால், "ரொம்ப காலமாக இருக்கிறதே" என்றுதான் பலரும் சொல்வார்கள். ஆனால் இதற்கு நூறு வயதுகூட ஆகவில்லை. அதிலும் 19 வருடம் இதைப் பரப்பக்கூடாது என்று வத்திக்கானே தடை போட்டிருந்தது. அந்தத் தடைக்கு வருவதற்கு முன் ஆரம்பத்திலிருந்து பார்த்துவிடலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கடவுள் இரக்கமுள்ளவர் என்பது 20-ஆம் நூற்றாண்டுக் கண்டுபிடிப்பு ஒன்றும் கிடையாது. திருப்பாடல் 136-ஐ எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு வரிக்கும் பதிலாக "என்றும் உள்ளது அவரது பேரன்பு" என்று வந்துகொண்டே இருக்கும். திருப்பலி தொடங்கியதுமே "ஆண்டவரே இரக்கமாயிரும்" என்கிறோம். ஊதாரிப் பிள்ளை திரும்பி வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளும் அப்பாவின் கதையை விட இரக்கத்துக்கு வேறு விளக்கம் வேண்டாம். விவிலிய எபிரேயத்தில் இரக்கத்துக்கு வரும் சொற்களில் ஒன்று 'ரஹமிம்'. கருப்பையைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது அது. பெற்ற வயிறு பதறுவது என்று நாம் சொல்வோமே, கிட்டத்தட்ட அந்தப் பொருள்.

ஆக, கருத்து பழையது. புதிதாக வந்தது அதன் வடிவம்: ஒரு படம், ஒரு விழா நாள், ஒரு ஜெபமாலை, ஒரு மணி நேரம். கத்தோலிக்கப் பேச்சில் 'பக்திமுயற்சி' என்பது இதைத்தான். திருச்சபையின் கோட்பாடு எல்லோருக்கும் பொது. பக்திமுயற்சி விருப்பம் உள்ளவர்களுக்கு. திரு இருதய பக்தி பிரான்சில் 1670-களில் மார்கரீத் மரியா என்ற கன்னியரின் காட்சிகள் வழியாகப் பரவியது போல, இறை இரக்க பக்தி 1930-களில் போலந்தில் ஓர் அருள்சகோதரியின் வழியாக வந்தது.

சமையற்கட்டுச் சகோதரி

அவரது பெயர் ஹெலேனா கோவால்ஸ்கா. 1905 ஆகஸ்ட் 25 அன்று, வூட்ஜ் நகரத்துக்குப் பக்கத்தில் குவோகோவியெட்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். பத்துப் பிள்ளைகளில் மூன்றாவது. போலந்து என்று ஒரு நாடே அப்போது வரைபடத்தில் இல்லை. மூன்று பேரரசுகள் அதைப் பங்கு போட்டிருந்தன. இவர்கள் ஊர் ரஷ்யாவின் பங்கில் இருந்தது. பள்ளிக்கூடம் போனது மூன்று வருடம்கூட முழுதாக இருக்காது. பதினைந்து, பதினாறு வயதில் வீட்டு வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டார்.

மடத்தில் சேர வேண்டும் என்று கேட்டபோது பெற்றோர் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் மடத்தில் சேர வருகிற பெண், தனக்கான துணிமணிச் செலவையாவது கையோடு கொண்டுவர வேண்டும். கல்யாணத்துக்குச் சீதனம் மாதிரி மடத்துக்கும் ஒரு சீதனம்! பத்துப் பிள்ளைகள் உள்ள வீட்டில் அதற்கு எங்கே போவது? ஹெலேனாவும் அந்த ஆசையைத் தள்ளி வைத்துவிட்டு மற்றவர்களைப் போல இருந்து பார்த்தார்.

1924-இல், உடன்பிறந்தவர் ஒருவரோடு வூட்ஜில் ஒரு நடனத்துக்குப் போயிருந்தார். எல்லோரும் ஆடிக்கொண்டிருக்கையில் இயேசு காயங்களோடு பக்கத்தில் நிற்பதைப் பார்த்ததாகப் பின்னாளில் எழுதினார். இன்னும் எத்தனை காலம் என்னைக் காக்க வைப்பாய் என்பது போல அவர் கேட்டாராம். ஹெலேனா நைசாக அங்கிருந்து நழுவிப் பேராலயத்துக்குப் போனார். பிறகு உடுத்திய உடையோடு வார்சாவுக்கு ரயில் ஏறிவிட்டார். அங்கே அவருக்கு ஒருவரையும் தெரியாது. ஒவ்வொரு மடமாகக் கதவைத் தட்டினார். படிப்பும் இல்லை, பணமும் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் இரக்கத்தின் அன்னை சகோதரிகள் சபையில், "இந்த வீட்டின் தலைவரிடம் போய்க் கேட்டுவிட்டு வா" என்றார் தலைவி. ஹெலேனா சிற்றாலயத்துக்குள் போய்க் கேட்டார். ஏற்றுக்கொள்கிறேன் என்ற பதில் கிடைத்தது என்கிறார். அதன் பிறகும் ஒரு வருடம் வீட்டு வேலை செய்து துணிமணிக்கான காசைச் சேர்த்துக்கொண்டுதான், 1925 ஆகஸ்ட் 1 அன்று மடத்துக்குள் போக முடிந்தது. அடுத்த வருடம் துறவு உடையோடு மரிய பவுஸ்தீனா என்ற பெயரும் கிடைத்தது.

வாழ்க்கையில் தடுமாறிய இளம்பெண்களைச் சேர்த்துப் பராமரிப்பது அந்தச் சபையின் பணி. படித்த சகோதரிகள் அந்தப் பெண்களுக்குக் கற்பித்தார்கள். பவுஸ்தீனா போன்றவர்களுக்குச் சமையற்கட்டு, தோட்டம், ரொட்டிக் கடை, வாசல் காவல். உடம்பில் தெம்பு இல்லாததால் பெரிய பானையில் வெந்த உருளைக்கிழங்கைத் தண்ணீர் வடிக்கக்கூட முடியாமல் அவர் திண்டாடியதும், ஒரு நாள் அது எளிதாக முடிந்து, மூடியைத் திறந்தால் உருளைக்கிழங்குக்குப் பதில் சிவப்பு ரோஜாக்கள் தெரிந்ததும் அவருடைய நாட்குறிப்பில் வருகின்றன. எனக்கு அந்த நாட்குறிப்பில் மிகவும் பிடித்த பக்கம் இது. பெரிய பெரிய இறையியல் எல்லாம் பிறகு வருகிறது. முதலில் ஒரு சமையற்காரியின் கைவலி.

1931 பிப்ரவரி 22

அன்று மாலை, ப்வோட்ஸ்க் என்ற ஊரில் தன் அறையில் இருந்தார். வெள்ளை அங்கியில் இயேசுவைப் பார்த்தார். நாம் இன்று படத்தில் பார்க்கும் அதே நிலை, அதே கதிர்கள். நீ பார்க்கிற இந்த உருவத்தை, "இயேசுவே, உம்மில் நம்பிக்கை வைக்கிறேன்" என்ற எழுத்தோடு படமாக வரை என்று இயேசு கேட்டதாக எழுதுகிறார்.

ஒரு சிக்கல்: அவருக்கு வரையத் தெரியாது. இன்னொரு சிக்கல்: பாவசங்கீர்த்தனத்தில் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் சடங்கில்) சொன்னபோது குருவானவர், "அது உன் ஆன்மாவில் வரைய வேண்டிய படம்" என்று அழகாகப் பேசி அனுப்பிவிட்டார். ஆனால் வெளியே வந்ததும் மறுபடி குரல்: என் படம் உன் ஆன்மாவில் ஏற்கெனவே இருக்கிறது, நான் கேட்பது தூரிகையால் வரைந்த படம். உயிர்ப்பு ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு அது மந்திரிக்கப்பட (குருவால் ஆசீர்வதிக்கப்பட) வேண்டும். அந்த ஞாயிறு இரக்கத்தின் விழாவாக வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. மடத்தில் சிலர் இவரைப் பார்த்துச் சிரித்தார்கள், சிலர் பயந்தார்கள். கற்பனை அதிகம், நரம்புக் கோளாறு என்றெல்லாம் பேச்சு. அவருக்கே சந்தேகம் வந்தது.

சந்தேகப்பட்ட சாமியார்

1933-இல் நிரந்தர வார்த்தைப்பாடு (வாழ்நாள் துறவு வாக்குறுதி) கொடுத்த கையோடு அவரை வில்னோவுக்கு மாற்றினார்கள். இன்று அது வில்னியஸ், லித்துவேனியாவின் தலைநகரம். அன்று போலந்தில் இருந்தது. அங்கே சகோதரிகளுக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்க வந்தவர் அருள்பணி மிகால் சொபோச்கோ, பல்கலைக்கழகத்தில் இறையியல் கற்பித்தவர்.

என்னைக் கேட்டால், இந்தக் கதையின் கதாநாயகன் இவர்தான். பவுஸ்தீனா தன் காட்சிகளைச் சொன்னதும் இவர் உருகிப்போய்விடவில்லை. முதலில் செய்த காரியம், அவரை ஒரு மனநல மருத்துவரிடம் பரிசோதனைக்கு அனுப்பியது. மடத்துத் தலைவியிடமும் விசாரித்தார். மனநிலையில் குறை ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் காது கொடுத்துக் கேட்டார். அப்புறம் இன்னொரு நடைமுறைப் பிரச்சினை. இந்தச் சகோதரி பேச ஆரம்பித்தால் பாவசங்கீர்த்தனத் தொட்டியின் பின்னால் நீண்ட வரிசை காத்து நிற்கும். எனவே, "எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள்" என்றார். இன்று உலகம் முழுக்க வாசிக்கப்படும் அந்த நாட்குறிப்பு இப்படி நேரமில்லாத ஒரு பேராசிரியரின் யோசனையில் பிறந்தது.

முதலில் எழுதியது இன்று இல்லை. 1934-இல் சொபோச்கோ புனித நாட்டுக்குத் திருப்பயணம் போயிருந்த சமயம், வானதூதரைப் போல ஒருவர் தோன்றி, இதை எரித்துவிடு என்றாராம், பவுஸ்தீனாவும் எரித்துவிட்டார். திரும்பி வந்த சொபோச்கோ, விட்டதையும் சேர்த்து மறுபடி எழுதுங்கள் என்றார். அதனால்தான் நாட்குறிப்பில் நாள்கள் முன்னும் பின்னுமாகக் கிடக்கின்றன. புதிதாக வாசிக்கிறவர்கள் குழம்பினால் அது அவர்கள் தப்பில்லை. மொத்தம் ஆறு நோட்டுகள். மூன்று வருடப் பள்ளிப் படிப்பின் எழுத்து. ஒலிப்பதை அப்படியே எழுதியதால் பிழைகள் நிறைய. இந்த எழுத்துப் பிழைகள் பின்னால் பெரிய வம்பில் கொண்டுபோய் விட்டன.

படம் வரையவும் ஏற்பாடு செய்தது சொபோச்கோதான். தான் குடியிருந்த அதே கட்டடத்தில் இருந்த ஓவியர் எயுகேனியுஷ் கசிமிரோவ்ஸ்கியிடம் வேலையைக் கொடுத்தார். 1934 ஜனவரியில் தொடங்கி ஜூனில் முடிந்தது. பவுஸ்தீனா வாரம் ஒரு முறை மடத்துத் தலைவியோடு வந்து, கை இப்படி இல்லை, பார்வை அப்படி இல்லை என்று திருத்தம் சொல்லிக்கொண்டே இருந்தார். இவ்வளவு செய்தும், முடிந்த படத்தைப் பார்த்துவிட்டு மடத்துக்குத் திரும்பி வந்து அழுதார். உம்முடைய அழகை யாரால் வரைய முடியும் என்று கேட்டார். இந்தப் படத்தின் மேன்மை வண்ணத்திலோ தூரிகையிலோ இல்லை, என் அருளில்தான் இருக்கிறது என்று பதில் வந்ததாக எழுதியிருக்கிறார்.

கதிர்களின் பொருள் என்னவென்று கேட்கச் சொன்னதும் குருவானவர்தான். வெளிறிய கதிர் தண்ணீர், அது ஆன்மாக்களைத் தூய்மையாக்குகிறது. சிவப்புக் கதிர் இரத்தம், அது ஆன்மாக்களின் உயிர் என்பது பவுஸ்தீனா கொண்டுவந்த பதில். விவிலியம் தெரிந்தவர்களுக்கு இடம் உடனே பிடிபடும். யோவான் நற்செய்தி 19-ஆம் அதிகாரத்தில், சிலுவையில் இறந்துவிட்ட இயேசுவின் விலாவைப் படைவீரன் ஈட்டியால் குத்த, இரத்தமும் தண்ணீரும் வடிகின்றன. தண்ணீரைத் திருமுழுக்கு என்றும் இரத்தத்தை நற்கருணை என்றும் புரிந்துகொள்வது மிகப் பழைய வழக்கம். திரு இருதயப் படத்தில் இதயத்தையே வெளியே காட்டினார்கள். இந்தப் படத்தில் இதயம் தெரியாது, அதிலிருந்து வருவது மட்டும் தெரியும்.

வரைந்த படம் முதலில் ஒரு மடத்தின் இருட்டு நடைவழியில் தொங்கியது. மக்கள் முன் வந்தது 1935 ஏப்ரல் 26 முதல் 28 வரை. வில்னோ நகரின் பழைய கோட்டை வாசலில் 'விடியல் வாசல்' மாதா கோயில் இருக்கிறது. போலந்துக்காரர்களுக்கு அது நமக்கு வேளாங்கண்ணி மாதிரி. அங்கே மீட்பின் யூபிலி கொண்டாட்டத்தின் நிறைவில் இந்தப் படத்தையும் வைத்தார்கள், சொபோச்கோ இரக்கத்தைப் பற்றி மறையுரை ஆற்றினார். 28-ஆம் தேதி என்ன நாள் தெரியுமா? உயிர்ப்பு ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு.

ஜெபமாலையும் மூன்று மணியும்

அதே வருடம் செப்டம்பர் 13 மாலையில் பவுஸ்தீனாவுக்கு இன்னொரு காட்சி. பூமியைத் தண்டிக்க வந்த வானதூதர் ஒருவரைப் பார்த்தார். கெஞ்சினார், பலனில்லை. பிறகு உள்ளத்தில் கேட்ட சொற்களைக் கொண்டு ஜெபித்ததும் அந்தத் தூதரால் ஒன்றும் செய்ய முடியாமல் போயிற்று. மறுநாள், அந்தச் சொற்களைச் சாதாரண ஜெபமாலை மணிகளில் எப்படிச் சொல்வது என்ற விளக்கம் கிடைத்தது.

முறை மிக எளிது. நம் பாட்டிமார் சொல்லும் அதே ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலை போதும், தனியாக வாங்க வேண்டியதில்லை. தொடக்கத்தில் விண்ணகத் தந்தை, அருள் நிறைந்த மரியே, நம்பிக்கை அறிக்கை. பெரிய மணிகளில், நம் பாவங்களுக்கும் உலகம் முழுவதன் பாவங்களுக்கும் பரிகாரமாகக் கிறிஸ்துவின் உடலையும் இரத்தத்தையும் ஆன்மாவையும் இறைத்தன்மையையும் நித்திய பிதாவுக்கு ஒப்புக்கொடுக்கிறோம். சின்ன மணிகளில், இயேசுவின் வேதனை மிகுந்த பாடுகளைப் பார்த்து எங்கள் மீதும் அகில உலகின் மீதும் இரக்கமாயிரும் என்ற மன்றாட்டு பத்துப் பத்தாக. கடைசியில் "தூய இறைவா, தூய வல்லவரே, தூய நித்தியரே" என்று மூன்று முறை. அந்த முடிவு வரி பவுஸ்தீனாவின் காலத்துக்கும் பல நூற்றாண்டுகள் முந்தியது. கீழைத் திருச்சபைகளின் வழிபாட்டில் இன்றும் ஒலிப்பது. அவசரத்தில் இருப்பவர்களும் ஏழெட்டு நிமிடத்தில் முடித்துவிடலாம். இது இவ்வளவு வேகமாகப் பரவியதற்கு அந்தச் சுருக்கமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

கவனிக்க வேண்டியது, "எனக்கு" என்று ஒரு இடத்தில்கூட வராது. எல்லாமே "எங்கள் மீதும் அகில உலகின் மீதும்". வேலை கிடைக்க, விசா கிடைக்க என்று சொந்த வேண்டுதலோடு சொல்கிறவர்கள்கூட, வாயால் உலகத்துக்காக மன்றாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மூன்று மணி என்பது இயேசு சிலுவையில் உயிர்விட்ட நேரம். அந்த நேரத்தில் ஒரு கணமாவது தன் பாடுகளை நினைக்கும்படி 1937 அக்டோபரில் கேட்டுக்கொண்டதாக நாட்குறிப்பில் இருக்கிறது. வேலை நடுவில் இருந்தால் நின்ற இடத்திலேயே நினைத்தால் போதும் என்பதும் அதில் சேர்த்தி.

இதெல்லாம் பரவுவதைப் பார்க்க பவுஸ்தீனா அதிக நாள் இருக்கவில்லை. காசநோய் முற்றி, கிராக்கோவ் நகரின் ஓரத்தில் உள்ள வாகியெவ்னிகி மடத்தில் 1938 அக்டோபர் 5 அன்று இறந்தார். வயது 33. கூடவே இருந்த சகோதரிகளில் பலருக்கு, அவர் இப்படியெல்லாம் காட்சி கண்டவர் என்பதே அதற்குப் பிறகுதான் தெரிய வந்தது.

போர், பிறகு தடை

பதினொரு மாதம் கழித்து இரண்டாம் உலகப்போர். போலந்தை ஒரு பக்கம் ஜெர்மனியும் மறு பக்கம் சோவியத்தும் பிய்த்தன. பயந்து கிடந்த மக்கள் கையில் இந்தச் சின்னப் படமும் ஜெபமும் போய்ச் சேர்ந்தன. யூசெஃப் யஜெம்போவ்ஸ்கி என்ற குரு இதன் குறிப்புகளோடு சைபீரியாவையும் ஜப்பானையும் கடந்து 1941-இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். அங்கிருந்துதான் ஆங்கில உலகம் முழுக்கப் பரவியது. சொபோச்கோ நாசிகளிடமிருந்து தப்ப 1942 முதல் இரண்டு வருடம் வில்னோவுக்கு வெளியே தச்சராக ஒளிந்து வாழ்ந்தார்.

போர் முடிந்து எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் இடி விழுந்தது. 1959 மார்ச்சில், கோட்பாட்டு விவகாரங்களைக் கவனிக்கும் உரோமை அலுவலகம், சகோதரி பவுஸ்தீனா சொன்ன வடிவில் இந்தப் பக்தியைப் பரப்பும் படங்களையும் எழுத்துகளையும் தடை செய்தது. ஏற்கெனவே மாட்டிய படங்களை எடுப்பதா வேண்டாமா என்பதை அந்தந்த ஆயர்களின் விவேகத்துக்கு விட்டது. சொபோச்கோவுக்குக் கடும் எச்சரிக்கை.

ஏன்? நாட்குறிப்பின் மூலப் பிரதி கம்யூனிசப் போலந்தில் இருந்தது. உரோமைக்குப் போனது, பிழையும் விடுதலுமாகத் தட்டச்சு செய்த படியும், அதிலிருந்து வந்த அரைகுறை மொழிபெயர்ப்புகளும். இயேசு பேசுவது எது, பவுஸ்தீனா பேசுவது எது என்று பிரித்தறிய முடியாமல் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு சகோதரி தன்னையே வணங்கச் சொல்கிறாரோ என்று தோன்றிவிடும். அந்தப் பிரதியை வாசித்த அதிகாரிகள் சந்தேகப்பட்டதில் ஆச்சரியம் இல்லை.

இங்கே ஒரு நிமிடம் நிற்கலாம். காட்சிகளைப் பற்றித் திருச்சபையின் நிலை நம்மில் பலர் நினைப்பதை விடக் கறாரானது. விவிலியத்தோடும் திருத்தூதர்களோடும் பொது வெளிப்பாடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு யார் என்ன கண்டாலும் அது 'தனி வெளிப்பாடு'. திருச்சபை அதை அங்கீகரித்தாலும், நம்பிக்கைக்கு விரோதமாக இதில் ஒன்றும் இல்லை, பின்பற்றலாம் என்றுதான் அர்த்தம். பவுஸ்தீனாவின் காட்சிகளை நம்பாத ஒருவர் நல்ல கத்தோலிக்கராகவே இருக்கலாம். பக்கத்து வீட்டு அக்கா மூன்று மணிக்கு ஜெபம் சொல்லவில்லையே என்று முகம் சுளிக்கிறவர்களுக்கு இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த வேலை ஒரு காலத்தில் முற்றிலும் அழிந்துபோனது போலத் தோன்றும், அதற்குப் பிறகு கடவுள் வல்லமையோடு செயல்படுவார் என்று 1935-லேயே பவுஸ்தீனா எழுதி வைத்திருந்தார். தடைக் காலத்தில் பக்தர்கள் இந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் காத்திருந்தார்கள்.

மரச்செருப்பு போட்ட தொழிலாளி

போர்க்காலத்தில் வாகியெவ்னிகி மடத்துக்குப் பக்கத்தில் சோல்வே என்ற ரசாயனத் தொழிற்சாலையில் ஓர் இளைஞர் வேலை பார்த்தார். வேலைக்குப் போகும் வழியில் மரச்செருப்பு சத்தத்தோடு அந்த மடத்தைக் கடந்து போவார். கரோல் வொய்த்திவா என்று பெயர். அவரே பின்னாளில் கிராக்கோவ் பேராயரானார்.

1965 அக்டோபரில், தடை அமலில் இருக்கும்போதே, பவுஸ்தீனாவைப் புனிதராக்கும் விசாரணையின் முதல் கட்டத்தை அவருடைய மறைமாவட்டம் தொடங்கியது. நேரில் பழகிய சாட்சிகள் உயிரோடு இருக்கும்போதே செய்துவிடுங்கள் என்று உரோமையில் ஆலோசனை கிடைத்திருந்தது. நாட்குறிப்பை ஆராயும் பொறுப்பு இக்னாட்சி ரூஜிட்ஸ்கி என்ற இறையியலாளரிடம் போனது. அரை மனதோடுதான் தொடங்கினார் என்பார்கள். ஆனால் வருடக்கணக்கில் உட்கார்ந்து, மூலப் பிரதியை வைத்து வரி வரியாக ஆராய்ந்து, பக்தியின் அடிப்படை சரியானதே என்று விரிவான அறிக்கை கொடுத்தார். படிக்காத பெண்ணின் நோட்டுகள், கடைசியில் மிகவும் படித்த ஒரு மனிதரின் கையில் பிழைத்தன.

1978 ஏப்ரல் 15 அன்று உரோமை தடையை நீக்கியது. 1959-இல் தங்களுக்குத் தெரிந்திராத மூல ஆவணங்கள் இப்போது கிடைத்திருப்பதையும், சூழ்நிலை வெகுவாக மாறியிருப்பதையும் காரணமாகச் சொன்னது. சொபோச்கோ அதைக் கேட்க இல்லை, 1975-இல் இறந்திருந்தார். தடை நீங்கிய ஆறே மாதத்தில், அக்டோபர் 16 அன்று, அந்த மரச்செருப்புத் தொழிலாளி திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஆனார்.

மற்றது வேகமாக நடந்தது. 1980-இல் கடவுளின் இரக்கத்தைப் பற்றியே ஒரு சுற்றுமடல் எழுதினார். 1993-இல் பவுஸ்தீனாவை அருளாளராகவும் (புனிதர் நிலைக்கு முந்தின படி), 2000 ஏப்ரல் 30 அன்று புனிதராகவும் அறிவித்தார். அன்றும் உயிர்ப்பு ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறுதான். அதே நாளில், இனி இந்த ஞாயிறு திருச்சபை முழுவதிலும் இறை இரக்க ஞாயிறு என்றும் சொன்னார். 2005-இல் அவர் இறந்தது ஏப்ரல் 2 இரவு, இறை இரக்க ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை. சொபோச்கோ 2008-இல் அருளாளர் ஆனார்.

இந்த ஞாயிறுக்கு ஒரு சுவாரசியம் உண்டு. விழா வந்ததற்காக நற்செய்தி வாசகத்தை மாற்ற வேண்டி வரவில்லை. பல நூற்றாண்டுகளாக அன்று வாசிக்கும் பகுதி யோவான் 20: உயிர்த்த இயேசு பூட்டிய கதவுக்குள் வந்து காயங்களைக் காட்டுகிறார், பாவங்களை மன்னிக்கும் அதிகாரத்தைச் சீடர்களுக்குக் கொடுக்கிறார், எட்டு நாள் கழித்து வந்து தோமாவை விலாவில் கையை இடச் சொல்கிறார். மயிலாப்பூரில் கல்லறை வைத்திருக்கிற நம் தோமாதான். கதிர்கள் கிளம்பும் அதே விலா.

எந்தப் படம்?

கடைசியாக, உங்கள் வீட்டில் இருப்பது அநேகமாகப் பவுஸ்தீனா பார்த்து அழுத படமாக இருக்காது. அடால்ஃப் ஹிவா என்ற ஓவியர், பவுஸ்தீனா இறந்த பிறகு வரைந்த படம்தான் அதிகம் அச்சானது. 1944-இல் வாகியெவ்னிகியில் மந்திரிக்கப்பட்ட அந்தப் படத்தில் முதலில் பின்னணியாகப் புல்வெளி இருந்தது. சொபோச்கோவுக்கு அது பிடிக்கவில்லை. 1950-களில் அதை மறைத்து இருண்ட பின்னணி தீட்டினார்கள்.

கசிமிரோவ்ஸ்கியின் மூலப் படமோ தலைமறைவாகவே இருந்தது. சோவியத் ஆட்சியில் படம் இருந்த கோயிலை மூடியதும் இரண்டு பெண்கள் அதை வாங்கிப் பரணில் ஒளித்து வைத்தார்கள். 1956-இல் பெலாரஸ் கிராமம் ஒன்றின் கோயிலுக்குப் போனது. அந்தக் கோயிலையும் மூடிவிட்டார்கள்; படம் மட்டும் உள்ளேயே கிடந்தது. 1986-இல் யாருக்கும் தெரியாமல் வில்னியசுக்குத் திரும்பியது. இப்போது அங்கே சிறிய இறை இரக்கத் திருத்தலம் ஒன்றில் இருக்கிறது.

இரண்டையும் கண்களை வைத்துப் பிரித்துவிடலாம். ஹிவாவின் இயேசு உங்களை நேராகப் பார்க்கிறார். கசிமிரோவ்ஸ்கியின் இயேசுவுக்கு இமைகள் தாழ்ந்து, பார்வை கீழே போகிறது. ஓவியர் பிசகிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். இந்தப் படத்தில் என் பார்வை, சிலுவையிலிருந்து நான் பார்த்த பார்வையைப் போன்றது என்று இயேசு சொன்னதாக நாட்குறிப்பில் இருக்கிறது. சிலுவையில் தொங்குகிறவர் கீழே நிற்பவர்களைப் பார்க்க வேறு எப்படிப் பார்ப்பார்?